டாலர் கொடையும் ஆப்பிரிக்கக் கல்வியும்

1961-ம் ஆண்டு முதல் உலகெங்கும் டாலர் வழங்கி வந்த 'யு.எஸ். எய்டு' என்ற அமெரிக்க சர்க்காரின் ஸ்தாபனம் 2025 ஜூலை 1-ம் தேதியோடு தன் உதவிப் பணியை நிறுத்திவிட்டது. அவ்வாண்டு ஜனவரி 20-ம் தேதி பதவியேற்ற அன்றே, வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைக்க டிரம்ப் உத்தரவு போட்டார். மார்ச்சில், அந்த ஸ்தாபனத்தின் திட்டங்களில் நூற்றுக்கு 83 ரத்தாகிவிட்டதாக வெளிநாட்டு மந்திரி ரூபியோ அறிவித்தார். கையெழுத்து விழுந்தது வாஷிங்டனில். அடி விழுந்தது ஆப்பிரிக்காவில். ஆஸ்பத்திரிகளின் மீது மட்டுமல்ல, பல்கலைக் கழகங்களின் மீதும்.

எய்ட்ஸ் கிருமிக்குத் தடுப்பூசி காண, தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் தலைமையில் பல ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து ஒரு பெரிய முயற்சி நடத்தி வந்தன. சோதனை தொடங்க இருந்த தறுவாயில் பணம் நின்றது. அந்தக் கிருமியால் அதிகம் செத்தவர்கள் ஆப்பிரிக்க ஏழைகள். மருந்து கண்டுபிடிக்கும் அறிவும் அங்கேயே இருக்கிறது. பணப்பெட்டியின் சாவி மட்டும் இன்னொருவன் மடியில்.

ஆப்பிரிக்கப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் இன்று இதற்கென்றே தனி இலாகா இருக்கிறது. வெளிநாட்டுக் கல்லூரிகளோடு ஒப்பந்தம் போடுவது, கொடையாளிகளுக்கு மனு எழுதுவது, வந்த பணத்துக்குக் கணக்கு ஒப்புவிப்பது, கொடுத்தவன் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது இவை அதன் வேலை. அந்த உத்தியோகஸ்தர்களை நாம் குறை சொல்லவில்லை. சொந்த சர்க்கார் கைவிட்டபோது சோதனைச்சாலைக்கு விளக்கெரிய வேண்டுமென்றால் யாராவது மனு எழுதத்தானே வேண்டும்? ஆனால் மிராசுதாரிடம் விதைக்கு முன்பணம் வாங்கிய குத்தகைக்காரன் என்ன பயிர் வைப்பதென்று தானே முடிவு செய்ய முடிவதில்லை. அதே கதைதான் அங்கும். எதை ஆராய்வது என்பது லண்டனிலும் நியூயார்க்கிலும் முடிவாகிறது. ரத்த மாதிரி எடுப்பதும், கிராமம் கிராமமாகச் சென்று விவரம் சேகரிப்பதும் ஆப்பிரிக்கர் வேலை. பல கட்டுரைகளில் முதல் பெயர் வெள்ளைக்காரப் பேராசிரியருடையது.

இந்த நிலை தானாக வந்ததல்ல. உகாண்டாவின் மாக்கரெரே பல்கலைக் கழகத்தைப் பாருங்கள். 1922-ல் 14 மாணவர்களோடு, தச்சு, கட்டட வேலை, யந்திர வேலை கற்பிக்கும் பள்ளியாகத் தொடங்கியது. சுதந்திரப் போரில் நின்ற தலைவர்கள் அங்கே படித்தார்கள். டான்சானியாவின் நைரேரே அவர்களில் ஒருவர். பிறகு 1980-களில் கடனில் சிக்கிய ஆப்பிரிக்க நாடுகளிடம் உலக வங்கி ஒரு கணக்கைக் காட்டியது: ஆரம்பப் பள்ளியில் போடும் காசுதான் அதிக லாபம் தரும், பல்கலைக் கழகத்தில் போடுவது அவ்வளவு தராது, ஆகவே அங்கே செலவைக் குறை என்றது. படிப்பு என்ன, பஞ்சு வியாபாரமா, லாபக் கணக்குப் பார்க்க? மாணவர் உதவித்தொகை வெட்டப்பட்டது. எதிர்த்துக் கிளம்பிய மாக்கரெரே மாணவர்கள் மீது 1990 டிசம்பரில் போலீஸ் சுட்டதில் இருவர் மாண்டனர். அதன்பின் காசு கட்டிப் படிப்போருக்குக் கதவு திறக்கப்பட்டது. பத்தாண்டுக்குள் அவர்களே பெரும்பான்மையாயினர். 2000-ம் ஆண்டில் அதே உலக வங்கி யுனெஸ்கோவோடு சேர்ந்து அமைத்த குழு, அந்தப் பழைய கணக்கு குறுகலானது என்று சாவகாசமாக ஒப்புக்கொண்டது! செத்தவர்கள் திரும்பி வரவில்லை.

வயிற்றைக் காயப் போட்டபின் கஞ்சித் தொட்டி வைப்பது பெருமுதலாளிகளின் பழைய வழக்கம். அதே 2000-ல் கார்னகி, ராக்பெல்லர், ஃபோர்டு, மக்ஆர்தர் நிதியங்கள் கூட்டுச் சேர்ந்தன. பின்னர் மேலும் மூன்று சேர்ந்தன. பத்தாண்டுகளில் ஒன்பது நாடுகளின் பல்கலைக் கழகங்களுக்குச் சுமார் 44 கோடி டாலர் கொடுத்தார்கள். அதனால் நன்மை இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். பல இடங்களில் இன்டர்நெட் மலிவாகக் கிடைத்தது. பல இளைஞர்கள் டாக்டர் பட்டம் பெற்றார்கள். ஆனால் இந்தப் பணம் எங்கே விளைந்தது என்பதை மில் தொழிலாளி மறக்கக் கூடாது. 1892-ல் ஹோம்ஸ்டெட் எஃகாலையில் கூலிவெட்டை எதிர்த்த தொழிலாளர் மீது கார்னகி கம்பெனி கூலிப்படையை ஏவியது. 1914 ஏப்ரல் 20-ம் தேதி, ராக்பெல்லர் குடும்பத்துக்குச் சொந்தமான சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் லட்லோ கூடார முகாம் கொளுத்தப்பட்டது. கூடாரத்தின் கீழே குழியில் பதுங்கியிருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறிச் செத்தனர். தென்னாப்பிரிக்காவில் கார்னகி நிதி முன்பு எதற்குப் போயிற்று தெரியுமா? ஏழை வெள்ளையர்களைப் பற்றி மட்டும் விசாரிக்க! 1932-ல் அறிக்கை வெளிவந்தது. அவர்களைவிட ஏழைகளான கறுப்பு மக்கள் அந்தக் கொடையாளியின் கண்ணில் படவில்லை.

அமெரிக்கா மட்டுமென்று எண்ண வேண்டாம். 2021-ல் பிரிட்டிஷ் சர்க்கார் உதவித் தொகையை வெட்டியபோது, நடந்துகொண்டிருந்த கூட்டு ஆராய்ச்சிகளுக்கே பாதி வழியில் பணம் குறைக்கப்பட்டது. ஒப்பந்தம் என்று பெயர். மேஸ்திரி "நாளை முதல் வேலை இல்லை" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வேறு விதமான உதவியும் உலகம் கண்டதுண்டு. 1960-ல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக் கழகம் பிறந்தது. கொல்லப்பட்ட காங்கோ தலைவர் லுமும்பாவின் பெயர் 1961-ல் அதற்குச் சூட்டப்பட்டது. ஆப்பிரிக்கக் குடியானவர்களின் பிள்ளைகள் அங்கே காசு கட்டாமல் டாக்டர்களாகவும் இன்ஜினீயர்களாகவும் ஆனார்கள். சோவியத் நாடு வீழ்ந்தபின் எடுக்கப்பட்ட அந்தப் பெயர் 2023-ல் மீண்டும் வைக்கப்பட்டது. பெயர் மட்டும்தான் திரும்பியிருக்கிறது.

நாமும் நன்கொடை வாங்குகிறவர்கள்தானே என்று ஒரு தோழர் கேட்டார். உண்மை. மில் கேட்டில் சம்பள நாளன்று உண்டியல் குலுக்காத வருஷம் நமக்கு இல்லை. ஆனால் ஆயிரம் கைகள் போட்ட பத்து ரூபாயில் எந்த ஒரு கையும் நமக்கு உத்தரவிட முடியாது. ஒரே கை போட்ட லட்சம் உத்தரவிடும். மாக்கரெரேயும் இதை உணர்ந்ததால்தான், 2019-ல் உகாண்டா சர்க்கார் தன் கஜானாவிலிருந்து 3,000 கோடி ஷில்லிங் ஆராய்ச்சிக்கென ஒதுக்கியது பெரிய செய்தியாயிற்று. மக்கள் வரிப்பணம் மக்கள் கல்விக்குப் போக வேண்டும்.

அங்கே போராட்டமும் இருக்கிறது. கேப்டவுன் பல்கலைக் கழகம் நிற்பது சிசில் ரோட்ஸ் விட்டுச் சென்ற நிலத்தில். அந்தக் கொள்ளைக்காரனின் சிலையை 2015 ஏப்ரல் 9-ம் தேதி மாணவர்கள் அகற்ற வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. கூட்டுவோர், சமைப்போர், தோட்ட வேலை செய்வோரைக் கான்ட்ராக்டருக்கு விட்டிருந்தார்கள். அவர்களை நேரடி வேலைக்கு எடு என்று மாணவரும் தொழிலாளரும் ஒன்றாய் நின்றனர். அவ்வருஷம் அக்டோபரில் நிர்வாகம் இணங்கியது. கட்டண உயர்வையும் ஜனாதிபதி கைவிட நேர்ந்தது. கான்ட்ராக்ட் முறையில் வாடும் நம் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது நம் வீட்டுக் கணக்கு ஒன்று. 2023-ல் டான்சானியாவின் ஸான்ஸிபார் தீவில் சென்னை ஐ.ஐ.டி. ஒரு கிளை திறந்தது. கணக்கு விவர விஞ்ஞானமும் செயற்கை அறிவும் அங்கே முதற்பாடங்கள். நம் மக்களின் பணத்தில் வளர்ந்த ஸ்தாபனம் ஆப்பிரிக்கச் சகோதரர்களுக்குக் கல்வி தருவது சந்தோஷமே. ஆனால் கொடையாளிகள் போன வழியில் நாமும் போகலாகாது. கிராம்பு பறிக்கும் தொழிலாளியின் மகளுக்கு அங்கே இடம் உண்டா? எத்தனை பேருக்குக் கட்டணம் தள்ளுபடி? பாடத்தை முடிவு செய்வதில் அந்த நாட்டாருக்கு என்ன பங்கு? இந்த விவரங்களைப் பாராளுமன்றத்தில் நமது அங்கத்தினர்கள் கேட்டு, பதிலைப் பகிரங்கப்படுத்த வேண்டும்.