முதலில் பழுது பார்ப்போம்



தோட்டப்புறத்திலும் கம்பத்திலும் பழத்தோட்டம் வைத்திருக்கும் வீடுகள் சிலவற்றில், செயின்சா எனப்படும் பழைய சங்கிலி இரம்பம் இன்றும் இருக்கிறது. அதை வீட்டிலேயே கழற்றிச் சீர்செய்யும் தந்தையரை நான் பெரிதும் மதிக்கிறேன். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தில் நாங்கள் படம் வரைந்து விளக்குவதை அவர்கள் கண்ணெதிரே செய்து காட்டுகின்றனர். ஆயினும், பழுதுபார்ப்பது வேறு, மாற்றியமைப்பது வேறு. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளும் அறிய வேண்டும் என்பதே என் கருத்து.

இரம்பத்தில் ஆற்றல் குறைந்துவிட்டது என்றதும் சிலர் சைலன்சரில் துளையிட்டு அகலப்படுத்துகின்றனர். புகை எளிதில் வெளியேறும். ஆற்றலும் சற்றுக் கூடும். ஆனால், அதற்கேற்பக் கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைக் கூட்டாவிட்டால் கலவையில் காற்று மிகுந்துவிடும். டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உள்ளே செல்கிறது. ஆகவே, பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். பிஸ்டன் அளவுமீறிச் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிப்போகும்.

வேறு சிலர், ஒவ்வொரு வெட்டுப்பல்லுக்கும் முன்னே உள்ள சிறு மேட்டை அளவுக்குமீறி அராவுகின்றனர். பல்லின் முனையைவிட அது ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதே பெரும்பாலான சங்கிலிகளுக்குப் போதும். மேலும் தாழ்ந்தால் பல் மரத்தை ஆழமாகக் கவ்வும். இரம்பம் அறுப்பவரின் முகத்தை நோக்கி எகிறும் ஆபத்தும் மிகும். அப்படி எகிறும்போது சங்கிலியை உடனே நிறுத்துவதற்காக 1970களில் வந்ததுதான் செயின் பிரேக். அதற்கு முந்திய இரம்பங்கள் பலவற்றில் அது இல்லை. இருப்பதையும், பழுதானதும் கழற்றி வீசுவோர் உண்டு.

ஆற்றல் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் எளியது: அடைத்துக்கொண்ட காற்று வடிகட்டி, கரி படிந்த சைலன்சர், விறைத்துப்போன கார்புரேட்டர் சவ்வு, வெடித்த பெட்ரோல் குழாய், மழுங்கிய சங்கிலி. கூரான சங்கிலி மரத்தைச் சீவலாக உதிர்க்கும். மழுங்கியது மாவாக அரைக்கும். அதைச் சரிசெய்ய, சங்கிலிக்கு ஏற்ற உருண்டை அரமும் பொறுமையும் போதும். இவற்றையெல்லாம் சீர்செய்த பின்னர், இரம்பத்தை மாற்றியமைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது.

இரம்பத்தை ஓட்டும்போது பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். பெட்ரோலை வடித்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய பிறகு, பழுதுபார்க்கும் வேளையில் தாராளமாக உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். கழற்றும் திருகாணிகளை வரிசை மாறாமல் முட்டை அட்டையில் அடுக்கச் சொல்லுங்கள். பாகங்களின் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். ஒரு கருவி ஏன் ஓடவில்லை என்று காரணம் தேடும் பழக்கம் அங்கேயே தொடங்கும்.

அதே பிள்ளைதான், அப்பா செயின் பிரேக்கைக் கழற்றி எறிவதையும் பார்க்கிறது. பாதுகாப்பு என்பது வேலைக்கு இடைஞ்சல் என்று அது கற்றுக்கொண்டால், பிறகு எந்த ஆசிரியர் சொல்லித் திருத்துவது? சிந்திப்போம்.