அடங்காத பிள்ளையா, அடங்க இயலாத பிள்ளையா?



நெய்வேலி நகரியத்தில் சுரங்கப் பணியாளர் இல்லங்கள் ஷிப்ட் முறைக்கேற்பவே உறங்கி எழுகின்றன. இரவுப் பணி முடித்து அத்தா பகலில் கண்ணயரும் வீட்டில், ஓயாது ஓடித்திரியும் எட்டு வயதுச் சிறுவன் இருந்தால் தாயின் நிலை என்ன? அத்தகைய தாய் ஒருவர் மதரஸா வாசலில் கண்கலங்கி நின்றார். “ஹஜ்ரத், அடித்தும் பார்த்துவிட்டோம், ஓதி ஊதியும் பார்த்துவிட்டோம். அடங்கமாட்டேன் என்கிறானே!” என்றார். ஓரிடத்தில் அமராத குற்றத்துக்காக முந்திய வாரம்தான் நானும் அவன்மீது பிரம்பெடுத்திருந்தேன்.

பின்னர் அவனைப் பரிசோதித்த மருத்துவர், இது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைஇயக்கக் குறைபாடு என்றார். இது பெரும்பாலும் மரபுவழி வருவது. வளர்ப்பின் பிழையோ ஷைத்தானின் வேலையோ அன்று. இத்தகைய குழந்தைகளின் மூளைப் புறணி முதிர்வதில் ஏறத்தாழ மூன்றாண்டு பின்தங்குவதை 2007-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அப்படியாயின், எட்டு வயதுப் பிள்ளையிடம் ஐந்து வயதுப் பிள்ளையின் பொறுமையே இருக்கக்கூடும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை உண்டு. ‘பள்ளிக்குப் புறப்படு’ என்று மொத்தமாகக் கூறாதீர்கள். அருகில் சென்று, முகம் பார்த்து, ‘சட்டையைப் போடு’ என ஒன்றை மட்டும் கூறுங்கள்; அது முடிந்தபின் அடுத்தது. செய்தவுடனேயே பாராட்டுங்கள், மாலைவரை தாமதித்தால் அதன் பயன் குறைந்துவிடும். அத்தாவின் ஷிப்ட் மாறினாலும் பிள்ளை உண்ணும், படிக்கும், உறங்கும் நேரங்கள் மாறவேண்டாம். அத்தா உறங்கும் பகலில் அவனை அதட்டி உட்காரவைப்பதைவிட, வெளியே மரநிழலில் ஓடவிடுவதே மேல். தவறு செய்தால் கத்தாதீர்கள். முன்பே சொல்லிவைத்தபடி விளையாட்டுப் பொருளைச் சற்றுநேரம் எடுத்துவையுங்கள். மருத்துவர் மருந்து தந்தால் அவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். புதுச்சேரி ஜிப்மரின் மனநலத் துறையை நாடுவதில் இழுக்கேதுமில்லை.

சிறுவராயிருந்த அனஸ் (ரலி) அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். அவரோ தெருவில் விளையாடும் சிறுவர்களிடம் நின்றுவிட்டார். பின்னால் வந்த நபியவர்கள் சிரித்த முகத்துடன், சொன்ன இடத்துக்குப் போனாயா என்றே வினவினார்கள். இந்த ஹதீஸைப் பலமுறை எடுத்துச் சொன்ன நானே, பிரம்பெடுத்த அன்று அதை மறந்திருந்தேன்.

இப்போது அச்சிறுவனுக்கு ஒரு நேரத்தில் ஓர் ஆயத்து மட்டுமே பாடம். இடையில் எழுந்து மற்றப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதும் அவன் பொறுப்பே. இன்னும் ஓடத்தான் செய்கிறான். எனினும் யாசீனில் பாதியை மனனம் செய்துவிட்டான்.

வல்ல இறைவன் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பொறுமையை அருள்வானாக!