காத்துக்கருப்பும் மூளை அழற்சியும்

இராமநாதபுரம் கடலோரத்தில், கீழக்கரையை அடுத்த ஏர்வாடி தர்காவுக்கு மனம் கலங்கியவர்களை அழைத்து வரும் வழக்கம் மிகப் பழையது. மத வேறுபாடு இல்லாமல் எல்லாரும் வருகிறார்கள். பேயோ செய்வினையோ பிடித்திருக்கிறது, கனவில் உத்தரவு கிடைக்கும்வரை தங்கினால் அது விலகும் என்பது நம்பிக்கை. அதன் அடியில் இன்னொரு நம்பிக்கை கிடக்கிறது. நன்றாகப் படித்தவர்களிடமும் அது உண்டு. மனக்கோளாறுக்கும் உடம்புக்கும் தொடர்பில்லை என்பதே அது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

காய்ச்சல் கண்டவர் சோற்றை வெறுக்கிறார், பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுகிறார், பாயை விட்டு எழுவதில்லை. இதைக் கிருமி நேராகச் செய்வதில்லை. கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் சைட்டோகைன் என்னும் புரதங்களைச் சுரக்கின்றன. அந்தச் செய்தி இரத்தத்தின் வழியாகவும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளையைச் சென்றடைகிறது. உயிருள்ள கிருமியே இல்லாமல், பாக்டீரியாவின் உறைப்பொருளை மட்டும் ஊசியில் ஏற்றினாலும் ஆய்வக எலிகள் இரை எடுக்காமல் ஒதுங்கிக்கொள்கின்றன. ராபர்ட் டான்ட்சர் போன்ற ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்தனர். மனிதரிடமும் சான்று உண்டு. இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவும் ஒரு சைட்டோகைன்தான். ஹெப்படைடிஸ் சி நோய்க்கு அதை மருந்தாகக் கொடுத்த காலத்தில், அதுவரை மனநோயே அறியாத பலர் கடும் மனச்சோர்வில் விழுந்தனர். சிறுநீர்த் தொற்று வந்த முதியவர் ஒரே இரவில் பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் பிதற்றுவதும் இந்த வகையே.

இன்னும் கொடியது, உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கி அழற்சி உண்டாக்கும் நோய். நரம்பணுக்களின் என்எம்டிஏ ஏற்பிகளைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள்களை 2007இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழுவினர், பெரும்பாலும் சினைப்பையில் கட்டி இருந்த 12 பெண்களிடம் கண்டறிந்தனர். முதலில் தலைவலியும் காய்ச்சலும் வரும். சில நாட்களில் இல்லாத குரல் கேட்கும், வீட்டார்மீதே சந்தேகம் எழும். பிறகு வலிப்பு, வாய் கோணி அசைதல், சிலைபோல் உறைந்துபோதல். பேய் பிடித்ததற்கு ஊர் சொல்லும் அடையாளங்கள் ஏறக்குறைய இவையே. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று, கட்டி இருந்தால் அறுவை ஆகியவை இதற்குச் சிகிச்சை. 577 நோயாளிகளைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகளில் நன்கு தேறியிருந்தனர். முன்கூட்டியே சிகிச்சை தொடங்கியவர்கள் கூடுதலாகத் தேறினர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்களும் இந்நோயைப் பலரிடம் கண்டு பதிவு செய்துள்ளனர். இப்படிப்பட்ட நோயாளியைப் பூட்டிவைத்துக் கனவுக்குக் காத்திருப்பது கொடுமை.

‘தர்காவில் குணமானவர்களைக் கண்ணால் பார்த்தோமே’ என்பார்கள். அதில் உண்மை உண்டு. இதேபோல் மனநோய் தீரத் தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை நிம்ஹான்ஸின் ரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். அங்கே தங்கியிருந்த காலத்தில் அறிகுறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தன. அன்பான சூழலும் ஓய்வும் மனத்தைத் தேற்றும். ஆனால் அவை மூளை அழற்சியைத் தணிக்கா, சினைப்பைக் கட்டியைக் கரைக்கா.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களுக்கு என்ன நோய் என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் இந்தத் தீ விபத்தைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி பூட்டுவதைத் தடை செய்கிறது.

எல்லா மனநோயும் அழற்சியால் வருவதல்ல. மனச்சிதைவு கண்டவர்களில் பெரும்பாலோருக்கு இந்த எதிர்ப்பொருள்கள் இருப்பதில்லை. அவர்களுக்கும் மனநல மருத்துவமே தேவை. ஏர்வாடியில் துஆ என்னும் வேண்டுதலுடன் மருந்தும் தரும் திட்டத்தை அரசு கொண்டுவந்திருப்பதால், தொழுகையை விட வேண்டியதும் இல்லை. ஆனால் சில நாட்களுக்குள் ஆளே மாறிப்போய், கூடவே காய்ச்சல், வலிப்பு, வாய் அசைவு, பேச்சு நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே இரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் சோதிக்கக் கேட்க வேண்டும்.