செஞ்சியின் சிதையும் திரையின் வெளிச்சமும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்றால், இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எனும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டை எதிர்ப்படும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த இயேசு சபைக் குரு பிமெந்தா, லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல் நகரங்கள் அனைத்தினும் இது பெரிது என வியந்து எழுதினார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியக் கோட்டைகளின் வரிசையில் இதனையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இனித் திரைக்குக் கதை தேடுவோர் இங்கு வராதிருக்கமாட்டார்கள். சூழ்ச்சி, காதல், தெய்விகம் மூன்றும் ஒருங்கே வாய்த்த தேசிங்கு கதை இங்கேதான் இருக்கிறது. ஆகவே, சிலவற்றை இப்போதே சொல்லி வைப்பது நம் கடமை.

நடந்தது என்ன? தேசிங்கு எனத் தமிழர் அழைக்கும் தேஜ் சிங், செஞ்சியை ஆண்ட பந்தேலா இராசபுத்திரர் சொரூப் சிங்கின் மகன். தந்தை இறந்ததும் உரிமையை ஏற்றான். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான், செலுத்தப்படாத வரிப் பாக்கியைக் கேட்டார், இளைஞன் மறுத்தான். 1714 அக்டோபரில் நடந்த போரில், ஏறத்தாழ 22 வயதில் மாண்டான். மனைவி அவன் சிதையில் எரிந்தாள். இராணிப்பேட்டைக்கு அவள் நினைவாகவே அப்பெயர் வந்தது என்பது வழக்கு.

வரலாற்றோடு கற்பனையைக் கலப்பதே பிழை என்று நாம் வாதாடவில்லை. நம் நாட்டுப்புறக் கதைப்பாடலும் கலந்ததே. ஆனால் அது எப்படிக் கலந்தது என்பதைக் கவனியுங்கள். போருக்கு விடை கேட்டு வந்த தேசிங்குக்கு இசையாமல், சிங்கவரத்து அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அங்கே அற்புதம் ஓர் எச்சரிக்கை. வீரத்தின் பெயரால் அழிவை நோக்கி ஓடுபவனைத் தடுக்க நீளும் கை. நம் மறையிலும் யோவான் நற்செய்தி புதுமைகளை அடையாளங்கள் என்றே குறிக்கிறது. அடையாளம் மனிதனைச் சிந்திக்க வைக்கும். வேடிக்கை அவனை வாய்பிளக்க வைப்பதோடு நின்றுவிடும். இன்றைய தொடர்களில் அரசியின் ஆவி வெண்புடவையில் உலவுகிறது, மறுபிறவியில் காதலனைத் தேடுகிறது, பழிவாங்குகிறது. இவற்றால் யார் எதைக் கற்றார்?

அடுத்தது சூழ்ச்சி. வரிப் பாக்கிச் சண்டையில் விறுவிறுப்பு போதாது என்று, அதனை இந்து–முஸ்லிம் போராக ஆக்கிவிடும் ஆசை எழலாம். கதைப்பாடலோ, தன் திருமணத்தையும் விட்டுவிட்டு நண்பனுக்காகப் போருக்கு வந்த மகமத்கானைப் போற்றுகிறது. எழுத்தறியாப் பாமரர் காத்த இந்த நட்பை, படித்த நாம் வெட்டியெறிவது தகுமோ?

எல்லாவற்றினும் கொடியது, சிதையைக் காதலின் சிகரமாகக் காட்டுவது. 1987இல் இராஜஸ்தானின் தேவராலாவில் இளம் விதவை ஒருத்தி கணவனின் சிதையில் எரிந்தாள்; அவ்விடத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு கொண்டாடினர். அதன்பின் வந்த மத்தியச் சட்டம், உடன்கட்டையைப் போற்றிப் புகழ்வதையே குற்றமாக்கிற்று. தீயை மூட்டுபவனுக்கு நிகராக, அதற்கு மாலை சூட்டுபவனும் பொறுப்பாளி என்பதே அதன் கருத்து. இசையும் ஒளியும் கூட்டி அத்தீயை அழகாக்கும் திரைக்கலைஞர் தம்மை எந்த வரிசையில் நிறுத்துவார்?

‘வெறும் கதைதானே’ என்பார் சிலர். 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ வெளிவந்தது. தேசிங்கு என்றால் பலருக்கும் இன்றளவும் நினைவில் எழுவது அந்த முகமே. வரலாற்று ஏடு அன்று. வெறும் கதையின் வலிமை அத்தகையது.

திரைக்கு எழுதுவோரை நாம் கேட்பது இதுவே: அந்தப் பெண்ணின் அச்சத்தையும் காட்டுங்கள், வரி கொடுத்தே நலிந்த குடியானவனையும் காட்டுங்கள், முகம் திருப்பிய இறைவன் ஏன் திருப்பினார் என்றும் கேளுங்கள். வாசக அன்பர்களே, இவை இல்லாத தொடர் உங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடும்போது, பிள்ளைகளை அருகில் அழைத்து, விடுபட்டதை நீங்களே சொல்லுங்கள். விடுமுறையில் ஒருநாள் அவர்களைச் செஞ்சிக்கும் அழைத்துச் செல்லுங்கள்.