சரிவில் சாரதியின் உரிமை

மாரி மழையிலும் திருகோணமலை மாவட்டத்திற் பெக்கோவும் டோசரும் ஓய்வு கொள்வது அரிது. கப்பல்துறையின் ஈரச் சரிவாயினும் வேறெங்காயினும் நியதி ஒன்றே: மணிக்கணக்கில் வாடகை, மணிக்கணக்கிற் கூலி. நின்றால் நட்டம். ஆதலால் ஏறு என்கின்றார் ஒப்பந்தக்காரர், சாரதி ஏறுகின்றான். வண்டி கவிழ்ந்தாலோ, கவனமின்மை என்ற பழி அவன் தலையில்! இது நியாயமா?

சரிவின் இயல்பைச் சற்று ஆராய்வோம். வண்டியின் பாரம் கீழ்நோக்கி இறங்கும் கோடு சக்கரங்களின் எல்லைக்கு அப்பால் விழுந்த கணமே வண்டி புரளும். சரிவுக்குக் குறுக்கே ஓட்டுவதும், மண் நிறைந்த வாளியை உயர்த்தியபடி திரும்புவதும் அக்கோட்டை வெளியே தள்ளுவன. நேராக ஏறி நேராக இறங்குதலும், வாளியைத் தாழ்த்தி வைத்தலும், இறங்குமுன்பே குறைந்த கியருக்கு மாறுதலும் இதனாலேயே வேண்டப்படுகின்றன. நனைந்த களியிற் சங்கிலித் தடமும் வழுக்கும். வரம்பேறும் உழவு இயந்திரம் பின்புறமாய்ப் புரளக் கண்ட கமக்காரருக்கு இது புதிதன்று. புரளும் வண்டியிலிருந்து குதிப்பவன் அதன் அடியிலேயே அகப்படக்கூடும்; உருக்குக் கூண்டினுள் ஆசனப்பட்டி அணிந்திருப்பவனுக்கே உயிர்பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பட்டியை இருக்கையின் பின்னே செருகிவைப்பதை வீரமென்பாரும் உளர், பேதைமை!

விளிம்பு மண்ணையும் நம்பலாகாது. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டின்மீது பார வண்டிகள் ஓடியதும் அதற்கொரு காரணமாகச் சொல்லப்பட்டது. கட்டு எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறியியலாளரன்றோ பார்த்துரைத்தல் வேண்டும்?

யப்பானிலிருந்து வந்த பழைய வண்டியில் எச்சரிக்கை யப்பானிய எழுத்தில். கைநூல் கிடைத்தால் அது ஆங்கிலத்தில். 1987இல் 13ஆவது திருத்தத்தால் அரசகரும மொழியான தமிழ், சாரதியின் உயிர் காக்கும் இடத்தில் மட்டும் இல்லை.

சட்டம் இருக்கின்றதே என்பர். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்தின் பின்னரே வாய் திறக்கின்றது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ பெரிதும் தொழிற்சாலையை மனத்திற்கொண்டு எழுந்தது. காட்டோரச் சரிவுக்குப் பரிசோதகர் எப்போது வருவார்?

நாம் கேட்பது சிறிது. நிலம் வழுக்கினால் வேலையை நிறுத்தும் உரிமை சாரதிக்குண்டு, நிறுத்திய நேரத்துக்கும் கூலியுண்டு என்னும் ஒரு வாசகம் ஒப்பந்தத்தில் இடம்பெறல் வேண்டும். பிரதேச சபைகள் தம் கேள்வி மனுக்களில் இதனை அடுத்த மாரிக்கு முன் சேர்க்கட்டும். வாய்க்கால் வெட்ட வண்டி பிடிக்கும் கமக்காரரும் அவ்வாறே எழுதிக் கொடுக்கலாம். அதற்கு எம்போன்ற வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஒரு தாள் போதும்.