கார்கள் ரயிலேறுகின்றன, தொழிலாளர்கள்?

வாலாஜாபாத் ரயில் நிலையத்தின் சரக்குப் பகுதியில், ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் உருவான கார்கள் அடுக்கடுக்காக ஏற்றப்பட்டு வடமாநிலங்களுக்குப் பயணப்படுகின்றன. அந்தக் கார்களைச் செய்த கைகளுக்கு உரியவர்கள் ரயிலில் வந்து தொழிற்சாலை வாசலுக்கு அருகே இறங்க இன்றுவரை வழியில்லை. பண்டத்துக்குக் கிடைத்த தண்டவாளம் மனிதருக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியைப் போக்குவரத்துத் துறையின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு சமூகம் தன் உழைப்பாளிகளை எவ்வாறு காண்கிறது என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது.

சென்னையிலிருந்து கிளம்பும் பெரும்பாதைகள் மூன்று. ஒன்று வடக்கே கூடூருக்கும், ஒன்று மேற்கே அரக்கோணத்துக்கும், ஒன்று தெற்கே செங்கல்பட்டுக்கும் செல்கிறது. பின்னிரண்டுக்கும் இடையே ஆப்பு வடிவில் விரியும் நிலத்தில்தான் ஸ்ரீபெரும்புதூரும் இருங்காட்டுக்கோட்டையும் சுங்குவார்சத்திரமும் ஒரகடமும் இருக்கின்றன. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை தென்னகத்தின் முதல் ரயில் ஓடியபோது இவை ஏரிப்பாசனக் கிராமங்கள். பாதை விலகிச் சென்றதில் வியப்பில்லை. ஆனால் 1998இல் ஹூண்டாய், 2006இல் நோக்கியா, 2010இல் ரெனோ – நிசான், 2012இல் டெய்ம்லர் என ஆலைகள் வரிசையாக உற்பத்தியைத் தொடங்கிய பிறகும் அந்த ஆப்பு நிலம் ரயில் வரைபடத்தில் வெற்றிடமாகவே நீடிப்பதற்கு வரலாற்றைச் சாக்காகச் சொல்ல முடியாது.

திட்டம் இல்லாமலும் இல்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு புதிய பாதை பத்தாண்டுகளுக்கும் மேலாக ரயில்வேயின் ஏடுகளில் இருக்கிறது. சில ஆண்டுகளின் நிதி ஒதுக்கீட்டில் அதற்கு எழுதப்பட்ட தொகை ஆயிரம் ரூபாய். திட்டத்தைக் கைவிட்டோம் என்று சொல்லாமலும், செய்கிறோம் என்று தொடங்காமலும் பட்டியலில் உயிரோடு வைத்திருப்பதற்கான அடையாளத் தொகை அது. இதற்கிடையே, எண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சிங்கபெருமாள்கோவில் வழியாக மாமல்லபுரம் அருகே முடியும் 130 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுற்றுச்சாலைக்கு வெளிநாட்டுக் கடன் கிடைத்தது, நிலம் கிடைத்தது, பணியும் நடக்கிறது. ஏறக்குறைய அதே வில்வளைவில் ரயிலுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய்.

ஆட்கள் வருவார்களா, வருமானம் வருமா என்பது ரயில்வே எப்போதும் கேட்கும் கேள்வி. இந்த வட்டாரத்தில் பயணத் தேவை கணக்கில் தெரியாமல் மறைந்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம். ஷிப்டு மாறும் வேளையில் ஒரகடம் சாலைச் சந்திப்பில் நின்று பார்த்தால், நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் அமர்த்திய பேருந்துகள் முடிவின்றி வரிசையாக நகரும். அதில் பயணிப்பவர் எவரும் பயணச்சீட்டு வாங்குவதில்லை. எனவே எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் பயணி அல்லர்.

நிறுவனப் பேருந்து ஒரு வசதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது நிறுவனத்தின் வசதி. ஒப்பந்தம் முடிந்தால் இருக்கையும் முடிந்தது. வேறோர் ஆலையில் நேர்காணலுக்குப் போகவோ, மாலை வகுப்பில் சேரவோ அந்தப் பேருந்து நிற்காது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவரிடம் நீ யாருடைய ஆள் என்று ரயில் கேட்பதில்லை. 1931இல் கடற்கரை – தாம்பரம் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, எழுத்தரும் ஆசிரியரும் தச்சரும் தாங்கள் வேலை செய்யும் இடத்துக்குக் கட்டுப்படாமல் தொலைவில் வீடு பார்த்துக்கொள்ள முடிந்தது. அந்தச் சுதந்திரம்தான் ஒரகடத்துத் தொழிலாளிக்கு மறுக்கப்படுகிறது.

இதன் சுமை பெண்கள்மேல் கூடுதலாக விழுகிறது. அன்றாடம் வீடு திரும்ப இயலாதபோது விடுதி தவிர வேறு வழியில்லை. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவு நஞ்சானதை எதிர்த்துச் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 2024இல் வல்லம் வடகாலில் அரசு முயற்சியில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. நல்ல காரியமே. ஆயினும் விடுதியில் தங்குவது அவர்களின் தேர்வாக இருக்க வேண்டுமேயன்றி, வேறு வழியின்மையின் பெயராக இருக்கலாகாது.

மையத்தை நோக்கி மட்டுமே ஓடும் ரயில் நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த சிக்கல் அன்று. அயர்லாந்திலும் முக்கியப் பாதைகள் பெரும்பாலும் டப்ளினை நோக்கியே செல்கின்றன. ஊருக்கு ஊர் குறுக்கே இணைத்த பாதைகள் பல சென்ற நூற்றாண்டில் மூடப்பட்டன. அவற்றுள் என்னிஸ் – ஏதன்ரை பாதையை 2010இல் மீண்டும் திறந்தார்கள். தீவு முழுமைக்குமான ரயில் ஆய்வறிக்கையை 2024இல் இரு பக்க அரசுகளும் சேர்ந்து வெளியிட்டன. இழந்ததை மீட்க அவர்கள் திட்டமிடுகிறார்கள். நாமோ பெறாததைக் கேட்கவே தயங்குகிறோம்.

மெட்ரோ வரப்போகிறதே என்பார்கள். பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் நோக்கித் திட்டமிடப்பட்டிருக்கும் மெட்ரோ நெடுஞ்சாலையை ஒட்டிச் செல்வது; ஒரகடத்தைத் தொடாது, செங்கல்பட்டுப் பாதையோடும் இணையாது. நிலம் போகுமே என்ற கவலை நியாயமானது. சிப்காட்டுக்கு ஏற்கெனவே நிலம் கொடுத்த ஊர்கள் இவை; இனி எடுக்கும் ஒவ்வொரு காணிக்கும் உரிய விலை தரப்பட வேண்டும். ஆனால் ஆலைக்கு ஏக்கர் கணக்கில் எடுத்தபோது எழாத தயக்கம், அங்கே உழைப்பவரின் பாதைக்கு ஒடுங்கிய நிலத்துண்டு கேட்கும்போது மட்டும் எழுவது பொருத்தமாக இல்லை.

அறுபது கிலோமீட்டரும் ஒருசேர வர வேண்டியதில்லை. தெற்குப் பாதையிலிருந்து ஒரகடம்வரையிலான துண்டை முதலில் இடட்டும். அதுவரை, செங்கல்பட்டு – அரக்கோணம் ஒற்றைப் பாதையில் ஷிப்டு நேரத்தை ஒட்டிக் கூடுதல் பயணிகள் ரயில்களை விடட்டும். வாலாஜாபாத்திலும் சிங்கபெருமாள்கோவிலிலும் ரயில் வந்து நிற்கும் நேரத்துக்கு ஒரகடம் செல்லும் அரசுப் பேருந்து வாசலில் காத்திருக்கட்டும். இந்த இரண்டுக்கும் புதிய தண்டவாளம் வேண்டாம். ரயில்வேயும் மாநிலப் போக்குவரத்துத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து கால அட்டவணை எழுதினால் போதும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் அந்த ஆயிரம் ரூபாய் என்னவாகிறது என்பதை நாம் கவனிப்போம்.