வீடே பள்ளிக்கூடமாம்! யார் வீடு?

"எங்கள் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம், சர்க்காருக்கு இதில் என்ன வேலை?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டில் புத்தக அலமாரி இருக்கிறது, கற்றுத்தர ஓய்வும் இருக்கிறது. அருப்புக்கோட்டை நெசவாளி வீட்டில் என்ன இருக்கிறது? தறி இருக்கிறது! திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் கூலியின் வீட்டிலோ, மிளகாய்ப் பழம் பறிக்கும் நாளில் கதவில் பூட்டுத்தான் தொங்கும். அங்கே 'வீட்டுக் கல்வி' என்றால் பையன் தார் சுற்றுவான். பெண் கைப்பிள்ளையைச் சுமப்பாள்.

இது புதுச் சரக்கா, தோழர்களே? 1953-ல் ராஜாஜி கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி 3 மணி நேரம், மிச்ச நேரம் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் குப்பைக்குப் போயிற்று.

2016-ல் அதே சரக்கு கொல்லைப்புறமாக வந்தது. 14 வயதுக்குக் கீழே வேலை கூடாது என்ற சட்டத் திருத்தமே, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் 'உதவலாம்' என்றது. ஆபத்தான தொழில் மட்டும் கூடாதாம். வீட்டுக்குள் வந்து பார்ப்பது யார்? நூலும் பாவும் முதலாளியுடையவை. வேலைக்கு மட்டும் 'குடும்பத் தொழில்' என்று பேர்!

2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பள்ளி என்கிறது. வீட்டில் படிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. பேசட்டும்! வீட்டில் கற்பிப்பவர் பிள்ளையின் பேரைப் பதியட்டும். ஆண்டுக்கொரு முறை அதிகாரி வந்து, அந்தப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

பெற்றவர்மேல் நமக்குக் குறையில்லை. ஆசைப்பட்டா நெசவாளி தன் மகனைத் தார் சுற்ற உட்கார வைக்கிறான்? கூலி கட்டவில்லை. அந்தக் கூலியை உயர்த்து என்பதும் இதே கோரிக்கைதான்.